தாடை எலும்பில் நீர்க்கட்டி: தோட்டத்து டிஸ்பென்சரி முதல் கடைசி ரிவியூ வரை எதை எப்போது செய்வது

ஹட்டன், பொகவந்தலாவ, மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து முக வீக்கத்தோடு புறப்படுகிற ஆட்களுக்குத் துணையாகப் பேராதனைக்கும் கண்டிக்கும் போய்வருவது எனக்குப் பழகிப்போன வேலை. நான் டொக்டர் இல்லை, மருந்தும் சொல்லப்போவதில்லை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை நன்றாகப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடங்களில்தான் விழுகிறார்கள், முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னாலும் பின்னால் செய்ய வேண்டியதை முன்னாலும் செய்துவிட்டு.

தாடைக்குள் வரும் நீர்க்கட்டியை ஆஸ்பத்திரியில் சிஸ்ட் என்பார்கள். அது புற்றுநோய் இல்லை. பெரும்பாலும் மெதுவாக வளரும், கிருமி பிடிக்காதவரை வலிக்காது. வலிக்காததால் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள், அது பாட்டுக்கு எலும்பை உள்ளிருந்து கரைத்துக்கொண்டே போகும்.

1. முதலில் வீக்கத்தைப் பார்த்து எழுதி வையுங்கள்

டொக்டர் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு காலமாக?" என்பதுதான். கிளினிக்கில் பதறிக்கொண்டு நிற்கும்போது தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா என்று யோசிப்பதைவிட வீட்டிலேயே ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது தெரிந்தது, கூடிக்கொண்டு போகிறதா, இடையில் வற்றி மறுபடி வந்ததா, அந்தப் பக்கத்துப் பல்லில் எப்போதாவது அடிபட்டதா, சொத்தை இருந்ததா, இதுவரை குடித்த மருந்து என்ன.

ஃபோனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இன்றைக்கு எடுத்ததையும் அடுத்த மாதம் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வளருகிறதா என்பது சண்டையில்லாமல் தெரிந்துவிடும்.

வாய்க்குள்ளும் பாருங்கள். ஈறுக்கும் கன்னத்துக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் விரலை ஓட்டினால், சிஸ்ட் இருக்கிற இடம் கடினமாக உருண்டிருக்கும். எலும்பு மிகவும் மெலிந்துபோயிருந்தால் முட்டை ஓட்டை அழுத்துவதுபோல மெல்ல நொறுங்கும். அப்படி உணர்ந்தால் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்காதீர்கள், அக்கம்பக்கத்தாருக்கும் காட்டி அழுத்தச் சொல்லாதீர்கள். ஒத்தடம், பத்து, சூடு எதுவும் வேண்டாம். கூகைக்கட்டு என்று நினைத்து வேப்பிலை அரைத்துப் பூசிவிட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கூகைக்கட்டு காதடியில் வந்து நாட்கணக்கில் போய்விடும், மாதக்கணக்கில் தாடையில் நிற்காது.

2. இன்றே ஓடவேண்டியதா, முறையாகப் போகலாமா

இதை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம், கீழே வருகிற படிகளுக்கு நேரம் வேண்டும். சில ஆட்களுக்கு அந்த நேரம் இல்லை.

காய்ச்சலோடு வீக்கம் நாக்கடிக்கோ கழுத்துக்கோ இறங்குகிறது, வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, கண் மூடிக்கொள்ளும் அளவுக்குக் கன்னம் வீங்கிவிட்டது: இதில் எது இருந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், பக்கத்தில் இருக்கும் அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிக்கோயாவோ நுவரெலியாவோ எது கிட்டவோ அது. பேராதனைக்கு விடிந்ததும் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். சிஸ்டில் கிருமி ஏறி மூச்சுக்குழல் பக்கம் பரவினால் அது வேறு கதை.

இன்னொரு கூட்டம் உண்டு. ஒப்பரேஷன் எதுவும் செய்யாமலே கீழுதடு மரத்துப்போவது, சில வாரங்களுக்குள் பற்கள் ஆட ஆரம்பிப்பது, வாயில் ஆறாத புண் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்பது. வெற்றிலை போடுகிற ஆட்கள் இதைத் தனியாகக் கவனிக்கவேண்டும், ஏனென்றால் இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்றுநோய்தான். இவையெல்லாம் சாதாரண சிஸ்டின் குணம் இல்லை. திகதிக்காகக் காத்திருக்காமல் போய், இந்த விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

3. எக்ஸ்ரே எடுக்காமல் பல்லைப் பிடுங்காதீர்கள்

மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான். வீங்குகிறது, பல் வலிக்கிறது, எங்கேயாவது போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், வீக்கம் கொஞ்சம் வற்றுகிறது. சரி, சுகம் என்று வேலைக்குப் போகிறார்கள். பல்தான் போயிருக்கிறது, சிஸ்டின் பை எலும்புக்குள் அப்படியே இருக்கிறது. சில வருடம் கழித்து, பல்லே இல்லாத இடத்தில் மறுபடி வீங்கும்.

இன்னொரு நட்டமும் இருக்கிறது. அந்தப் பல் உயிரோடு இருந்ததா செத்ததா, அதாவது உள்ளே உணர்ச்சி இருந்ததா இல்லையா என்பதை வைத்துத்தான் டொக்டர் இது எந்த வகைச் சிஸ்ட் என்று முதலில் கணிப்பார். பல் குப்பைக்குப் போனபிறகு எதைச் சோதிப்பது? பிடுங்கத்தான் வேண்டும் என்றால் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சிஸ்டோடு சேர்த்துப் பிடுங்குவார்கள்.

அமொக்சிசிலின் மாதிரியான மருந்தும் இதே கதைதான். கிருமி அடங்கும், வலி போகும், பை போகாது. வலி நின்ற அன்றுதான் ஆட்கள் பயணத்தை ஒத்திப்போடுகிறார்கள். உண்மையில் போவதற்கு நல்ல நேரம் அதுதான், வீக்கம் அடங்கியிருந்தால் சோதிப்பதும் லேசு.

4. புறப்படுமுன் கையில் இருக்க வேண்டியவை

தோட்டத்து டிஸ்பென்சரியிலோ கிட்ட இருக்கும் அரச ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்கிலோ முதலில் காட்டி ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். பேராதனையில் இருக்கும் பல் போதனா வைத்தியசாலை, பல்கலைக்கழகத்துப் பல் மருத்துவ பீடத்தோடு சேர்ந்தது, அங்கே கூட்டம் அதிகம். துண்டில் "தாடையில் வீக்கம், எலும்புக்குள் இருக்கலாம்" என்று ஒரு வரி இருந்தாலே சாதாரணப் பல்வலி வரிசையில் நின்று நேரம் போகாது, வாய், தாடை, முக சத்திரசிகிச்சைப் பிரிவுக்குத் திருப்பிவிடுவார்கள். உங்கள் மாவட்ட ஆஸ்பத்திரிக்கே அனுப்பினால் அங்கேயே போங்கள், பேராதனைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை.

அடையாள அட்டை, பழைய எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி, தினமும் குடிக்கிற மருந்துகள் அட்டையோடு. சீனி, பிரஷர் குளிசையை "வெள்ளையா சின்னதா ஒண்ணு" என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. இரத்தம் உறையாமலிருக்க ஏதாவது குடிக்கிறீர்களென்றால், அஸ்பிரின் உட்பட, அதை முதல் நாளே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நிறுத்துவதா தொடர்வதா என்பதை இதய டொக்டரும் பல் டொக்டரும் பேசிக்கொள்ளட்டும்.

மூக்குத்தி. இதைச் சிரிக்காமல் வாசியுங்கள். முகத்தைச் சுற்றி எடுக்கும் பெரிய எக்ஸ்ரேக்கு, ஓபிஜி என்பார்கள், தோடு, மூக்குத்தி, சங்கிலி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றவேண்டும், இல்லாவிட்டால் படத்தில் வெள்ளை வெள்ளையாக நிழல் விழுந்து பார்க்கவேண்டிய இடத்தையே மறைத்துவிடும். கலியாணத்தன்று போட்ட மூக்குத்தியை இருபது வருடமாகக் கழற்றாத அக்காமார் எக்ஸ்ரே அறை வாசலில் நின்று திருகித் திருகி, மூக்கு சிவந்து, பின்னால் நிற்கிறவர் முணுமுணுக்க, கடைசியில் நம்பர் தவறிப்போவது சாதாரணமாக நடக்கிறது. முந்தின இரவே தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, சுரையை மெல்லத் தளர்த்தி, கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராதவர்கள் அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், கயிறு படத்தில் விழாது. ஆனால் அதில் ஊக்கு ஒன்றும் கோர்த்து வைக்காதீர்கள்!

சிங்களம் சரளமாக வராதவர் என்றால் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவதற்கு மட்டும் ஒரு துணை போதாது, டொக்டர் சொல்வதைக் கேட்டுக் கொப்பியில் எழுதுகிற ஆளாக இருக்கவேண்டும். வேலை நாள் போகும் என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். ஒரே நாளில் முடியாது, பல தடவை போகவேண்டி வரும். ஒவ்வொரு முறையும் கிளினிக்கில் திகதி போட்ட துண்டு கேட்டு வாங்கினால் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையிடம் பேச ஒரு பிடி இருக்கும்.

5. கிளினிக்கில் நடக்கும் மூன்று சோதனைகள்

முதலாவது பல் சோதனை. பஞ்சில் குளிர் மருந்து அடித்துப் பல்லில் வைப்பார்கள், அல்லது சின்னக் கருவியால் மெல்லிய மின்சாரம் தொடுவார்கள். உணர்ந்தால் கையைத் தூக்குங்கள், உணராவிட்டால் உணரவில்லை என்று சொல்லுங்கள். டொக்டருக்குப் பிடிக்கும் என்று எல்லாவற்றுக்கும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டுகிறவர்கள் உண்டு, அப்போது செத்த பல்லும் உயிர்ப் பல்லாகிவிடும்.

இரண்டாவது படம். ஓபிஜியில் சிஸ்ட் கருப்பாக, ஓரம் வெள்ளைக் கோடு போட்டதுபோல் தெரியும். பெரிதாக இருந்தால், அல்லது மேல்தாடையில் சைனஸ், கண்குழிப் பக்கம் போயிருந்தால், சிடி ஸ்கேனும் கேட்பார்கள், ஏனென்றால் ஓபிஜி தட்டையான படம், உள்ளே எவ்வளவு ஆழம் என்று காட்டாது.

மூன்றாவது ஊசி. மரத்துப்போக மருந்து போட்டுவிட்டு உள்ளே இருப்பதை உறிஞ்சிப் பார்ப்பார்கள். வைக்கோல் நிறத் தண்ணீர் வந்தால் ஒரு கணிப்பு, வெள்ளையாகத் தயிர்க்கட்டிபோல் வந்தால் இன்னொன்று, சுத்த இரத்தம் பொங்கி வந்தால் கத்தி வைப்பதற்கு முன்னால் யோசிக்கவேண்டிய விஷயம். ஊசி போட்டால் பரவிவிடும் என்று பயந்து எழுந்து போனவர்கள் இருக்கிறார்கள். பரவாது. ஊசி போடாமல் திறப்பதில்தான் ஆபத்து.

6. எந்த வகை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

வெறுமனே "கட்டி" என்று கேட்டுக்கொண்டு வராதீர்கள். வகையைப் பொறுத்துத்தான் வைத்தியமும், ரிவியூ என்று திரும்பப் போய்க் காட்டவேண்டிய காலமும்.

செத்த பல்லின் வேர் நுனியில் வருவது ரடிக்கியூலர் சிஸ்ட். தாடையில் அதிகம் காண்பது இதுதான். சின்னதாக இருந்தால் வேர் சிகிச்சையோடே ஆறிவிடக்கூடும்.

முளைக்காமல் உள்ளே மாட்டிக்கொண்ட பல்லின் தலையைச் சுற்றி வருவது டென்டிஜெரஸ். கீழ் ஞானப்பல்லிலும் மேல் கோரைப்பல்லிலும் அதிகம். பிள்ளைக்கு ஒரு பல் மட்டும் வயது தாண்டியும் முளைக்கவில்லை என்றால் இதை நினையுங்கள்.

கெரட்டோசிஸ்ட் என்பதுதான் தொல்லை பிடித்தது. கீழ்த்தாடையின் பின்பக்கம் எலும்பின் நீளத்துக்கு ஊர்ந்துபோகும், வெளியே வீக்கம் பெரிதாகக் காட்டாது. எடுத்தபிறகும் திரும்பி வரும் குணம் உண்டு. 2005இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இதைக் கட்டிகளோடு, அதாவது ட்யூமரோடு சேர்த்தது, 2017இல் மறுபடி சிஸ்டுக்கே கொண்டுவந்தது. அதனால் அந்த இடைக்காலத்து ரிப்போர்ட்டில் ட்யூமர் என்று இருந்தால் வீடே அழவேண்டியதில்லை. ஒரே ஆளுக்குப் பல இடத்தில் வந்தால் பரம்பரைச் சோதனை பற்றிப் பேசுவார்கள், வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று யோசித்துச் சொல்லுங்கள்.

பத்திலிருந்து இருபது வயதுப் பிள்ளைகளுக்கு, வேறு எதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாகத் தெரியவருவது சாதாரண எலும்புச் சிஸ்ட். பற்கள் உயிரோடு இருக்கும், உள்ளே திறந்தால் வெறும் குழி, சில நேரம் கொஞ்சம் நீர். திறந்து சுரண்டி இரத்தம் ஊறவிட்டாலே எலும்பு வளர்ந்துவிடும். ஒரு பல்லையும் பிடுங்கத் தேவையில்லை, அதனால் யாராவது பிடுங்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

அனியூரிஸ்மல் என்பது இரத்தம் நிறைந்தது, இளவயதில் வேகமாக வளரும். திறந்தால் இரத்தம் கட்டுக்கடங்காமல் போகலாம் என்பதால் இதற்குப் பெரிய ஆஸ்பத்திரிதான். ஸ்டாஃப்னே என்று எழுதியிருந்தால், அது சிஸ்டே இல்லை, கீழ்த்தாடையின் உள்பக்கத்தில் இயல்பாக உள்ள ஒரு பள்ளம். கையே வைக்கவேண்டாம்.

7. தாடைக்கு மேலே: புருவம், மூக்கு, மண்டை

இது பல் வரிசையில் நிற்கவேண்டிய விஷயம் இல்லை, அதனால் தனியாகச் சொல்கிறேன்.

குழந்தையின் புருவத்தின் வெளிநுனியில் பிறந்ததிலிருந்து ஒரு சின்ன உருண்டை, தோல் அதன்மேல் வழுக்குகிறது, உருண்டை மட்டும் எலும்போடு ஒட்டினாற்போல் நிற்கிறது. பெரும்பாலும் டெர்மாய்ட் சிஸ்ட். அவசரம் இல்லை, பிள்ளை வைத்தியரிடம் காட்டி அவர் சொல்லும் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம்.

அதே உருண்டை மூக்குத்தண்டிலோ உச்சந்தலையின் நடுக்கோட்டிலோ இருந்தால் கதை மாறுகிறது. மூக்கின் மேல் ஒரு ஊசித்துளை, அதில் ஒற்றை முடி நீட்டிக்கொண்டிருந்தால் பிதுக்கவே கூடாது. உள்ளே மண்டைக்குள் போகும் பாதை இருக்கலாம், பிதுக்கினால் கிருமி மூளைப் பக்கம் ஏறும். ஸ்கேன் பார்த்த பிறகுதான் ஊசியோ கத்தியோ.

8. பயோப்சியும் ஒப்பரேஷனும்

பெரிய சிஸ்ட் என்றால் முதலில் அதில் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்புவார்கள், பயோப்சி என்பது இதுதான். "எடுக்கிறதுதானே, ஒரேயடியாக எடுத்தால் என்ன" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டி படத்தில் அச்சு அசலாகச் சிஸ்ட் மாதிரியே இருக்கும், அதற்கு வெட்டும் அளவு வேறு. ரிப்போர்ட் வர வாரங்கள் ஆகலாம், அந்த வாரங்களில் வேறு இடத்துக்கு ஓடினால் எல்லாம் முதலிலிருந்து.

ஒப்பரேஷன் இரண்டு விதம். பையை முழுதாக உரித்தெடுப்பது ஒன்று. பெரிதாக இருந்தால், அல்லது நரம்பும் முளைக்கவேண்டிய பல்லும் கிட்ட இருந்தால், ஒரு ஜன்னல் திறந்து வைத்து, அழுத்தம் குறைந்து சிஸ்ட் தானே சுருங்க விடுவது மற்றது. பிள்ளைகளில் இப்படி விட்டால் மாட்டிக்கொண்ட பல் சில நேரம் தானாக முளைத்துவிடும். ஆனால் இதற்கு வீட்டில் பொறுமை வேண்டும்: கொதித்து ஆறின உப்புத் தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சால் ஓட்டைக்குள் அடித்துச் சாப்பாட்டுக்குப் பிறகு கழுவவேண்டும், மாதக்கணக்கில். ஓட்டை மூடாமலிருக்க வைத்த அடைப்புக் கழன்று விழுந்தால் அது சீக்கிரமே மூடிக்கொள்ளும், அடுத்த திகதி வரை பார்க்காமல் உடனே போங்கள்.

கையெழுத்து வைக்குமுன் மூன்று கேள்வி: எந்தெந்தப் பல் போகும், உதடு மரத்துப்போகுமா, தாடை உடையும் அளவுக்கு மெலிந்திருக்கிறதா. தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான்.

மயக்க மருந்து என்றால் சாப்பாடு கடைசியாக ஆறு மணித்தியாலத்துக்கு முன், வார்டில் வேறு நேரம் சொன்னால் அதுவே சட்டம். விடியற்காலை ஒரு வாய் பால் தேத்தண்ணியும் சாப்பாடு கணக்குத்தான். ஒளித்துக் குடித்துவிட்டுப் படுத்தால் மயக்கத்தில் அது நுரையீரலுக்கு ஏறலாம்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை மடித்து அரை மணி நேரம் கடித்துக்கொண்டு இருங்கள், இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. முதல் நாள் கொப்பளிக்க வேண்டாம், உறைந்த இரத்தம் கழன்றுவிடும், அடுத்த நாளிலிருந்து உப்புத் தண்ணீர். சாயத்தண்ணி ஆறவிட்டுக் குடியுங்கள். வெற்றிலை, சுண்ணாம்பு, புகை, டொக்டர் விடும்வரை தொடவே வேண்டாம்.

குழிக்குள் மஞ்சள் நிற நாடாத்துணி ஒன்றை மடித்து மடித்து அடைத்து அனுப்புவார்கள் சில பேருக்கு. ஒரு விதமான மருந்து வாடை அடிக்கும், நுனி வாய்க்குள் தொங்கும், இதைப் பார்த்துச் சீழ் என்று பயந்து இழுத்துவிடுகிறார்கள். இழுக்காதீர்கள், அது அயடோஃபோம் தடவிய துணி, கிளினிக்கில் அவர்களே எடுப்பார்கள். அயடின் ஒத்துக்கொள்ளாத ஆள் என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மேல்தாடை ஒப்பரேஷன் என்றால் இரண்டு வாரம் மூக்குச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். மலைக் குளிரில் இது லேசான காரியம் இல்லை, தலையை மூடிக்கொண்டு இருங்கள்.

பெரிய சிஸ்ட் எடுத்த கீழ்த்தாடை ஆறு வாரமாவது மெலிவாகத்தான் இருக்கும். கஞ்சி, குழைத்த சோறும் பருப்பும், அவித்த உருளைக்கிழங்கு. தேங்காய் ரொட்டி வேண்டாம். ஒப்பரேஷன் நன்றாக முடிந்து, பத்தாம் நாள் பழைய ரொட்டியைப் பக்கப் பல்லால் இழுத்துக் கடித்துத் தாடையை உடைத்துக்கொள்வது தேவையா? மலைக்குப் போவதும் அப்படியே. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் இழுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஏறுகிறோம், மழையில் சறுக்கி விழுந்தாலும் அடி தாடையில்தான். லேசான வேலை என்று கடிதம் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் யாரும் எழுதித் தருவதில்லை. கடிக்கும்போது பற்கள் முன்போல் பொருந்தவில்லை என்றாலோ, "டக்" என்று சத்தம் கேட்டாலோ, அன்றே போய்ப் படம் எடுங்கள்.

உதடு மரத்திருந்தால் பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். அதுவரை சூடான எதையும் உதட்டில் வைக்குமுன் விரலால் தொட்டுப் பாருங்கள்.

10. ரிப்போர்ட்டை வாங்குங்கள், ரிவியூவை விடாதீர்கள்

எடுத்த பையை மறுபடி சோதனைக்கு அனுப்புவார்கள். முதல் துண்டில் தெரியாதது முழுப் பையில் தெரியலாம், ஆகவே தையல் பிரித்த அன்றோடு கதை முடிந்தது என்று நினைக்காமல், அந்தக் கடைசி ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்டு, வகையின் பெயரைக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

சாதாரண எலும்புச் சிஸ்டுக்கு ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் படம் எடுத்துக் குழி நிரம்புகிறதா என்று பார்ப்பார்கள். கெரட்டோசிஸ்டுக்கு முதல் ஐந்து வருடம் கட்டாயம், அதற்குப் பிறகும் விட்டு விட்டு, ஏனென்றால் பத்து வருடம் கழித்துத் திரும்பியதும் உண்டு. வலி இருக்காது, வீக்கமும் இருக்காது, படத்தில் மட்டும் தெரியும்.

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஃபோனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொரு ஆளின் ஃபோனுக்கும் அனுப்பி வையுங்கள். லயத்துக் கூரை ஒழுகி நனைந்த படத்தை வைத்து எந்த டொக்டரும் பழையதையும் புதியதையும் ஒப்பிட முடியாது. வேலைக்குக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர் என்றால் ரிப்போர்ட்டின் பிரதியையும் பெட்டியில் வையுங்கள், அங்கே புதிதாகப் பார்க்கிற டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.